ஒரே ‘ஹன்’, இரண்டு எழுத்துக்கூட்டு

எழுத்தும் எண்ணும்: வாசகர் கேள்வி பதில்

கொரிய எழுத்தைப் பற்றி இத்தனை கடிதங்கள் ஒரே மாதத்தில் வந்தது இதுதான் முதல் தடவை. ஏழு வருடம் சியோலில் பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்து, தேடுபட்டியல் போடும் வேலை பார்த்தவள் நான். அதனால் இந்த இதழ் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: வாகன உதிரிபாகம் செய்யும் கொரியக் கம்பெனி ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். தலைமை அலுவலகத்திலிருந்து வரைபடங்களை ஜிப் கோப்பாக அனுப்புவார்கள். என் கணினியில் பிரித்தால் கோப்புப் பெயர்கள் சிதறிக் கிடக்கின்றன. ‘ஹன்’ என்று ஒரே கட்டமாக இருக்க வேண்டியது ஹ், அ, ன் என்று மூன்று துண்டாகத் தெரிகிறது. சில பெயர்கள் சரியாகவே தெரிகின்றன. ஆனால் எங்கள் ஆவணப் பட்டியலில் அதே பெயரைத் தட்டித் தேடினால் ‘இல்லை’ என்று வருகிறது. அனுப்பியவரோ தன் திரையில் எல்லாம் ஒழுங்காக இருப்பதைப் படம் எடுத்து அனுப்புகிறார். கோப்பு கெட்டுவிட்டதா அம்மா?
வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: கெடவில்லை. ஒரு எழுத்துகூடத் தொலையவில்லை. நீங்கள் பார்ப்பது ஒரே எழுத்தின் இரண்டு எழுத்துக்கூட்டு.

எனக்கு இது முதலில் நேர்ந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். கொரியாவின் பெயரான ‘ஹன்குக்’ என்று தொடங்கும் இதழ்களை எண்ணச் சொன்னார்கள். கண்ணால் எண்ணினால் ஒரு கணக்கு, கணினி எண்ணினால் அதைவிடக் குறைவு. மாலை வரை என் மேல்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் இரண்டு கோப்புப் பெயர்களின் பைட்டுகளை, அதாவது கணினி உள்ளே பதிந்துவைக்கும் எண்களைத் திறந்து, முதல் எழுத்தை மட்டும் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். மேல் வரியில் 237, 149, 156. கீழ் வரியில் 225, 132, 146. 225, 133, 161. 225, 134, 171. மேலே மூன்று பைட்டு, கீழே ஒன்பது. திரையில் இரண்டுமே அதே ‘ஹன்’. பக்கத்து மேசை அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, ‘இது மேக்கில் பெயர் வைத்த கோப்பு’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். கொரியர்களுக்கு அவ்வளவு பழகிப்போன தொல்லை. ‘ஜாமோ பிரிதல்’ என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஜாமோ என்றால் தனி எழுத்து.

ஹங்குல் எனும் கொரிய எழுத்தில் ஒரு அசை ஒரு கட்டம். அதற்குள் முதல் மெய், உயிர், தேவையானால் கீழே ஒரு இறுதி மெய். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் அந்த முழுக் கட்டத்துக்கு ஒரே எண் உண்டு, ‘ஹன்’னுக்கு 54620. துண்டுகளுக்கும் தனித்தனி எண் உண்டு: முதல் ஹ் 4370, உயிர் அ 4449, இறுதி ன் 4523. இரண்டு வழியில் எழுதினாலும் ஒரே எழுத்துதான் என்று யூனிகோட் விதியே சொல்கிறது. அப்படிச் சொல்லிவிட்டு, எந்த வழி வந்தாலும் ஒரே வழிக்குக் கொண்டுவரும் முறையையும் வகுத்திருக்கிறது. அதுதான் நார்மலைசேஷன், ஒருசீராக்கம். சேர்த்து எழுதும் வடிவம் என்எஃப்சி, பிரித்து எழுதும் வடிவம் என்எஃப்டி.

மேக் கணினிகளில் 1998இல் வந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறை, எல்லாப் பெயரையும் பிரித்தே பதிந்துவைத்தது. அதில் குற்றம் ஒன்றுமில்லை. இரண்டு வடிவமும் கலக்கக் கூடாது என்பதற்காக ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள். 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்ததைக் கொடுத்தபடியே வைத்துக்கொள்கிறது. ஆனாலும் பிரித்த பெயர்கள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. விண்டோஸ் கோப்பு முறையோ பெயரை ஒருசீராக்குவதே இல்லை. எண் வேறானால் பெயர் வேறு. ஆகவே ஒரே கோப்புறையில் ஒரே பெயருடைய இரண்டு கோப்பு உங்களுக்குக் கிடைக்கலாம். ஒன்றை நகல் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், திறந்து பாருங்கள்.

சோதிப்பது எளிது. சந்தேகமுள்ள பெயரிலிருந்து ஒரு எழுத்தை எடுத்து எக்ஸெல் கட்டத்தில் ஒட்டி, எழுத்துகளை எண்ணும் ‘லென்’ சூத்திரம் போடுங்கள். 1 வந்தால் சேர்ந்தது, 3 வந்தால் பிரிந்தது. சரிசெய்ய உங்கள் அலுவலகக் கணினிப் பிரிவில் பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர் ஒருவர் போதும். அதனுடனேயே வரும் ‘யூனிகோட்டேட்டா’ தொகுதியில் ‘நார்மலைஸ்’ என்ற கட்டளை இருக்கிறது. பெயர்களை அதற்குள் விட்டு என்எஃப்சியாக வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அது இன்றைய கோப்புகளுக்கு மட்டும்தான் மருந்து. நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் ஆவணப் பட்டியல் மென்பொருளில் இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டும்: பெயரைப் பதிவதற்கு முன்பும் என்எஃப்சி, தேடுசொல்லை ஒப்பிடுவதற்கு முன்பும் என்எஃப்சி. ஒரு பக்கம் மட்டும் செய்தால் பழைய கதைதான்.

இன்னொன்று. லினக்ஸ் சேமிப்புக் கணினிகளில் கோப்புப் பெயர் பொதுவாக 255 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. சேர்த்து எழுதினால் 85 கொரிய அசை பிடிக்கும். இறுதி மெய்யோடு பிரித்து எழுதினால் 28 அசையோடு சரி. நீளமான வரைபடப் பெயர் நகலெடுக்க மறுத்தால் இதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அக்கா, கொரிய நாடகம் பார்த்துப் பார்த்து மொழி கற்க ஆரம்பித்திருக்கிறேன். எழுத்துப் பட்டியலிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக நகலெடுத்து ஒட்டினால் ‘ஹன்’ என்று சேரவே மாட்டேன் என்கிறது. மூன்றும் வரிசையாக நிற்கின்றன. ஏன்?
கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் நகலெடுத்தவை மூன்றாவது வகை. பழைய கொரியத் தரத்தில், எழுத்தைத் தனியாகக் காட்டுவதற்கென்றே ஒரு பட்டியல் இருந்தது. யூனிகோடும் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. அவை தனியாக நிற்கவே பிறந்தவை.

காரணம் அழகானது. மன்னர் செஜொங் 1446இல் இந்த எழுத்தை அறிவித்தபோது, இறுதி மெய்க்கு முதல் மெய்யின் எழுத்தையே மீண்டும் பயன்படுத்துங்கள் என்று விதித்தார். மனிதக் கண்ணுக்கு அது போதும், கட்டத்தில் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கணினிக்குக் கட்டம் கிடையாது, வரிசை மட்டும்தான். க், அ, ன் என்று மூன்று எழுத்து வரிசையாக வந்தால் அந்த ன் ‘கன்’னின் இறுதியா, அடுத்த அசையின் முதலா? அதனால்தான் யூனிகோட் முதல் ன்-னுக்கு 4354, இறுதி ன்-னுக்கு 4523 என்று இரண்டு எண் கொடுத்தது. உங்கள் பட்டியலில் உள்ள ன் முதலும் இல்லை, இறுதியும் இல்லை. அது எங்கே போய் ஒட்டிக்கொள்ளும்?

கைபேசியில் கொரிய விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு அதில் தட்டுங்கள். ஹ், அ, ன் என்று தட்டத் தட்ட அதுவே கட்டம் கட்டித் தரும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். கொரியர்கள் தங்கள் அசைகள் அத்தனைக்கும் யூனிகோடில் 11,172 இடம் வாங்கிக்கொண்டார்களாம். நமக்கு இருப்பதே 247 எழுத்து. அதைக்கூட நமக்குக் கொடுக்கவில்லையே? ‘க்’ என்பது மெய், ‘க’ என்பது உயிர்மெய் என்று நாற்பது வருடம் கற்பித்தேன். கணினியில் ‘க’ ஒரே எழுத்தாகவும் ‘க்’ இரண்டு குறியாகவும் இருப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது.
காரைக்குடி

பதில்: ஐயா, உங்கள் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. தமிழுக்கு 128 இடமுள்ள ஒரு பகுதி கிடைத்தது. அதன் அமைப்பு, இந்திய மொழிகள் எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்த்த 1988ஆம் ஆண்டு இஸ்கி தரத்தை ஒட்டியது. தமிழ் இலக்கணம் படித்த யாரும் உட்கார்ந்து அமைத்திருந்தால் மெய்யிலிருந்துதான் தொடங்கியிருப்பார்கள். இதை நானும் மனதாரச் சொல்கிறேன். ஆனால் கொரியர்கள் அந்த 11,172ஐ எப்படி வாங்கினார்கள், என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் நீங்கள் கேட்க வேண்டும்.

கணக்கு எளிது: முதல் மெய் 19, உயிர் 21, இறுதி மெய் 27, இறுதி மெய் இல்லாத நிலை ஒன்று. 19ஐ 21ஆல் பெருக்கி, 28ஆல் பெருக்கினால் 11,172. ஆனால் 1987ஆம் ஆண்டின் கொரிய அரசுத் தரத்தில் புழக்கத்தில் அதிகம் உள்ள 2,350 அசைகளை மட்டுமே சேர்த்தார்கள். மீதி 8,822 அசைக்கு இடமில்லை. ‘தோம் யாம்’ என்ற தாய்லாந்து சூப்பின் பெயரில் வரும் அழுத்தமான ‘தோம்’ அதில் இல்லை. சூப்பை விடுங்கள், மனிதர் பெயர்? என்னோடு வேலை செய்த ஒருவரின் மகள் பெயரில், ம்-முக்கு ‘உய்’ போல ஒலிக்கும் உயிர் சேர்ந்த அசை வரும். அது அந்த 2,350இல் கிடையாது. அந்தப் பெண்ணுக்கு ஒரு அலுவலகத்தில் கொடுத்த அட்டையைக் காட்டினார். பெயரின் கடைசி எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி அச்சாகியிருந்தது. அப்பா கறுப்பு மையால் அதன்மேல் எழுத்தை எழுதி, மை கலையாமல் இருக்க ஒட்டுநாடா ஒட்டியிருந்தார். எழுத்துத் தரம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்த ஒட்டுநாடாதான் கண்முன் வரும்.

யூனிகோட் 1991இல் வந்தபோது அதே 2,350தான் உள்ளே போயிற்று. 1993இல் இன்னும் கொஞ்சம் சேர்த்து 6,656 ஆக்கினார்கள். அதுவும் போதவில்லை, வரிசையும் துண்டுதுண்டாக இருந்தது. முழு வரிசையும் ஒரே தொடராக வேண்டும் என்று கொரியத் தரப்பு பிடிவாதமாக நின்றது. 1996இல் யூனிகோட் 2.0 வந்தபோது, இருந்த 6,656ஐயும் பழைய இடத்திலிருந்து பெயர்த்து, புதிய இடத்தில் 11,172ஆக வைத்தார்கள். பழைய எண்ணில் எழுதிவைத்திருந்த கொரியக் கோப்பு ஒவ்வொன்றும் அன்றோடு செல்லாக்காசு. காலியான அந்த இடத்தில் பின்னால் சீன எழுத்துகள் குடியேறின. அன்றைய கோப்பை இன்று அப்படியே திறந்தால் கொரியம் இருந்த இடத்தில் யாருக்கும் புரியாத சீன எழுத்து வரும்.

தரம் வகுக்கும் வட்டாரத்தில் இதைக் ‘கொரியக் குழப்பம்’ என்றே சொல்வார்கள். இதைப் பட்ட பிறகுதான், ஒருமுறை இடம் கொடுத்த எழுத்தை இனி நகர்த்துவதும் இல்லை, நீக்குவதும் இல்லை என்று யூனிகோட் உறுதி கொடுத்தது. கொரியர்கள் போன வாசல் அவர்களுக்குப் பின்னால் மூடப்பட்டது. 1996இல் மாற்ற வேண்டியிருந்த கோப்புகள் குறைவு, அதனால் தாங்கிக்கொண்டார்கள்.

கிடைத்ததோ அற்புதமான ஒழுங்கு. ‘ஹன்’னின் எண் வேண்டுமா? ஹ் முதல் மெய்களில் 19ஆவது. பூச்சியத்திலிருந்து எண்ணுவதால் 18. உயிர் அ பூச்சியம். இறுதி ன் 4. 18ஐ 21ஆல் பெருக்கினால் 378, உயிருக்கு எதுவும் கூட்ட வேண்டாம். 28ஆல் பெருக்கினால் 10,584. நான்கைக் கூட்டினால் 10,588. தொடக்க எண்ணான 44,032ஐச் சேர்த்தால் 54,620. பட்டியல் வேண்டாம், அட்டவணை வேண்டாம். மனக்கணக்காகவே சேர்க்கலாம், பிரிக்கலாம். ஒருசீராக்கும்போது கணினியும் கொரியத்துக்கு இந்தக் கணக்கைத்தான் போடுகிறது. மெய்யும் உயிரும் சேர்ந்தால் என்ன என்று வாய்பாடு போலச் சொல்லித்தந்த உங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

நம் தமிழ்நாட்டு அரசும் 2010இல் யூனிகோடை ஏற்றபோதே, எல்லாத் தமிழ் எழுத்துக்கும் தனி எண் தரும் டேஸ்16 என்ற முறையையும் அறிவித்தது. ஆனால் அந்த எண்கள் யூனிகோடில் யாருக்கும் சொந்தமில்லாத தனியார் பயன்பாட்டுப் பகுதியில் உள்ளவை. அங்கே எழுதியதை இன்னொருவர் கணினி தமிழ் என்று அறிய வேண்டிய கட்டாயம் இல்லை.

இன்று யூனிகோடே மனமிரங்கி ‘கொ’வுக்கும் ‘க்’குக்கும் தனி எண் கொடுத்தாலும் பயனில்லை, ஐயா. ஏற்கெனவே உள்ள குறிகளைச் சேர்த்து எழுத முடிந்த எதற்கும் புதிதாக முழு எண் கொடுத்தால், என்எஃப்சி அதைச் சேர்த்து வைக்காது, பழைய குறிகளாகவே பிரித்துவிடும். ஒருசீராக்க விதி அப்படி உறைய வைக்கப்பட்டிருக்கிறது. ஏன் என்றால், நேற்று ஒருசீராக்கிய கோப்பு நாளைக்கும் ஒருசீராகவே இருக்க வேண்டும். பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இதை நம்பி நிற்கின்றன. கொரியரின் 11,172 இந்த விதி உறைவதற்கு முன்பே உள்ளே போய்விட்டது.

கொரியருக்கும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. செஜொங் வகுத்த 28 எழுத்தில் நான்கு இன்று வழக்கில் இல்லை. அவற்றில் ஒன்று, ஒரு புள்ளியாக எழுதப்படும் உயிர். கொரியாவின் புகழ்பெற்ற சொற்செயலி 1989இல் வந்தது. அதன் பெயரே ‘ஹங்குல்’தான், ஆனால் அதன் முதல் அசையான ‘ஹன்’னை அந்தப் பழைய புள்ளி உயிரோடு எழுதுவார்கள். அந்த ஹன்னுக்கு 11,172இல் இடமில்லை. 4370, 4510, 4523 என்று மூன்று எண்ணாகத்தான் எழுத முடியும். எந்த ஒருசீராக்கமும் அதை ஒன்றாக்காது. பழைய இலக்கியம் படிக்கும் கொரியர்கள் இன்றும் நம்மைப் போலத் துண்டுகளைச் சேர்த்துத்தான் எழுதுகிறார்கள். அவர்களுக்குத் தேவையான பழைய துண்டுகள் பல 2009இல்தான் யூனிகோடில் சேர்ந்தன.

கேள்வி: சிங்கப்பூரில் நூலகப் பட்டியல் மென்பொருள் எழுதுகிறேன். தமிழ், சீனம், கொரியம் மூன்றும் உண்டு. எல்லாவற்றையும் என்எஃப்கேசி ஆக்கிவிட்டால் தேடல் பிரச்சினை ஒழிந்துவிடும் என்கிறார் என் மேலாளர். செய்யலாமா?

பதில்: தேடுபட்டியலுக்கு யோசித்துச் செய்யலாம். மூலத்தில் செய்யவே கூடாது. என்எஃப்கேசியும் ஒரு ஒருசீராக்க வடிவம்தான், ஆனால் அது தோற்றத்தில் நெருங்கியவற்றையும் ஒன்றாக்கும். சதுர மீட்டரின் மேலே நிற்கும் 2 கீழே இறங்கி வெறும் 2 ஆகிவிடும். தஞ்சாவூர் மாணவி நகலெடுத்தாரே, தனியாக நிற்கும் எழுத்து, அதையும் மாற்றிவிடும். அவருடைய ஹ், அ, ன் மூன்றும் ‘ஹ’ என்ற கட்டமும், அதற்குப் பின்னால் ஒரு முதல் ன்-னுமாக ஆகும், ‘ஹன்’ ஆகாது. கொரியர்கள் சிரிப்புக்கு வரிசையாகத் தட்டும் க் எழுத்துகளும் உருமாறும்.

சாதாரண என்எஃப்சியிலும் ஒரு இழப்பு உண்டு, சீன எழுத்தில். பழைய கொரியத் தரம், ஒரே சீன எழுத்துக்குக் கொரியத்தில் பல உச்சரிப்பு இருந்தால், உச்சரிப்புக்கு ஒன்றாக இடம் கொடுத்தது. இசையைக் குறிக்கும் எழுத்து ஒன்று உண்டு: இசை என்றால் ‘அக்’, மகிழ்ச்சி என்றால் ‘ராக்’ அல்லது ‘நாக்’, விரும்புதல் என்றால் ‘யோ’. தரத்தில் அதற்கு நான்கு இடம். இப்படி மிகையாக வந்தவை 268. யூனிகோட் அவற்றை வாங்கிக்கொண்டது, ஆனால் ஒருசீராக்கினால் எல்லாம் பொது எழுத்துக்கே திரும்பும். எப்படி வாசிப்பது என்ற தகவல் போய்விடும், திரும்பி வராது. பழைய கொரியப் பட்டியல்களை இறக்குமதி செய்கிறீர்கள் என்றால் மூலப் பதிவை அப்படியே பூட்டி வையுங்கள். தேடலுக்குத் தனியாக ஒரு என்எஃப்சி நகல் போடுங்கள்.

தமிழுக்கு என்எஃப்சி என்ன செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ‘கொ’வின் ஒகரக் குறியை 3018 என்று ஒரே எண்ணாகவும் எழுதலாம், 3014, 3006 என்று கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம்; என்எஃப்சி இரண்டையும் 3018 ஆக்கும். கொரியத்தில் நடப்பது நம் வீட்டிலும் நடக்கிறது. ஆனால் ‘ஔவை’யை ஒ போட்டு ள போட்டு எழுதியிருப்பார்கள், அதை எந்த விதியும் திருத்தாது, நீங்கள்தான் திருத்த வேண்டும். ‘ஸ்ரீ’யும் அப்படியே. 2005இல் யூனிகோடில் ‘ஶ’ தனியாகச் சேர்ந்தது. அதன் பிறகு ஸ போட்டும் ஸ்ரீ எழுதலாம், ஶ போட்டும் ஶ்ரீ எழுதலாம் என்று ஆகிவிட்டது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். என்எஃப்சிக்கு அவை இரண்டு வேறு எழுத்துகள். உங்கள் பட்டியலில் ஸ்ரீரங்கத்தை இரண்டு வகையாகவும் தேடிப் பாருங்கள். எந்த வகையில் எத்தனை நூல் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அதற்கான மாற்றுப் பட்டியலைத் தருகிறேன்.